திறந்து கிடப்பவர்களும் திறக்காத கோப்புகளும்

நகரங்களின் எதிர்காலம் இனி செங்கல்லிலும் சிமெண்டிலும் இல்லை, தரவுகளில்தான் இருக்கிறது என்று கட்டடக்கலை படித்தவர்கள் பேசத் தொடங்கிக் கொஞ்ச காலமாகிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பதையெல்லாம் அரசாங்கம் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து விட்டால், நகரத்தை வடிவமைக்கிற வேலை ஒருசில அதிகாரிகளின் தனிச்சொத்தாக இல்லாமல் போகும் என்கிறார்கள். இதற்குத் 'திறந்த தரவு' என்று பெயர். இந்திய அரசு 2012இல் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்து இணையதளமும் தொடங்கியது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கோயிலைத் திற, குளத்தைத் திற, தெருவைத் திற என்று நூறாண்டுகளுக்கு மேலாகக் கத்தி வந்தவர்கள் நாம். பூட்டியதைத் திற என்று யார் சொன்னாலும் நமக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. அதனாலேயே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எதைத் திறக்கச் சொல்கிறார்கள், திறந்த கதவு வழியாக முதலில் யார் உள்ளே போகிறார்கள் என்று கேட்காமல் கைதட்டிவிட முடியாது.

கட்டடக்கலைஞர்களின் கனவைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. நானும் அந்த வட்டாரத்தின் ஓரத்தில் நிற்பவன்தான். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் கட்டுகிற வீடுகளுக்குக் கோடு போட்டுப் பிழைக்கிறேன். வரைபடம் என்பது என் சோறு. ஆகவே இதைத் தொழில்நுட்பப் பிரச்சினையாகப் பார்த்துவிட்டுப் போவது எனக்கு எளிது. ஆனால் என்னை உறுத்துவது ஒரு அறக்கேள்வி. ஒளித்து வைக்கப்பட்டவர்கள் வரைபடத்தில் ஏறுவது நல்லதா, ஏறாமல் இருப்பது நல்லதா? ஏறினால்தான் குழாய் வரும். ஏறினால் புல்டோசரும் வரும். இரண்டையும் நம் ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் கணக்கு என்பது ஒரு தகரப் பெட்டி. கர்ணத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அடங்கல், சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அதற்குள்ளே. எங்க தாத்தா அந்த ஊருக்கு வெட்டியான். வெட்டியான் என்றால் பிணம் எரிப்பவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: சர்வேக்காரர் வந்தால் சங்கிலி பிடிப்பதும், எல்லைக்கல் எந்த வரப்புக்குக் கீழே புதைந்து கிடக்கிறது என்று தோண்டிக் காட்டுவதும் அவர் வேலை. நிலத் தகராறு வந்தால் தாழ்த்தப்பட்ட ஊழியக்காரரைக் கூப்பிட்டுத் தலையில் குடத்தை வைத்து எல்லையை நடந்து காட்டச் சொல்லும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் தொகுத்த நூல் பதிவு செய்திருக்கிறது. அவர் நடந்த தடம்தான் எல்லை, அதற்கு மேல் பேச்சில்லை. ஊரின் அத்தனை அங்குலமும் தாத்தாவின் காலுக்குத் தெரியும். அதில் ஒரு அங்குலம்கூட அவர் பெயரில் இல்லை.

இல்லை என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. டி.சி. நிலம் ஒரு ஏக்கர் சொச்சம் நமக்கு உண்டு என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்துகொண்டே இருந்தது. அப்பா வாலிபத்தில் அதைக் கணக்கில் பார்க்கக் கர்ணத்தின் வீட்டுக்குப் போவாராம். திண்ணைக்குக் கீழே தெருவில் நிற்க வேண்டும். "கணக்கு தாலுக்காவுக்குப் போயிருக்குடா, அறுப்பு முடிஞ்சி வாடா"ம்பாரு. "எத்தினி அறுப்பு முடிஞ்சிச்சோ" என்று அப்பா சொல்லும்போது சிரிப்பார். 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தார்கள், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1997இல் தமிழ்நாடு தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2005இல் மத்திய சட்டம் வந்தது. இப்போது பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. அப்பா உயிரோடிருந்தபோதே ஒருநாள் அந்த சர்வே எண்ணைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். "இன்னா போட்டுக்குது?" என்றார். படித்தேன். ஊர்த்தெருக் குடும்பம் ஒன்றின் பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்துதான் இருந்தது. "அப்ப பொட்டிக்குள்ள இதுதான் இருந்திருக்கு" என்றார்.

இதை என் சொந்தக் குடும்பத்தின் இழப்பாக மட்டும் எழுதவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்து, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிலங்கள் கைமாறிய கதை நமக்குத் தெரியும். எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் அனுபோகத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டா எழுதப்பட்டு, டி.சி. என்ற குறிப்பே பல இடங்களில் காணாமல் போனது என்று பஞ்சமி நில மீட்பில் நிற்கும் தோழர்கள் சொல்லி வருகிறார்கள். 1994இல் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இன்றைக்குத் திறந்திருப்பது இத்தனையும் நடந்து முடிந்த பிறகு மிச்சமிருக்கும் கணக்கு. கடைசிப் பெயரை மட்டும் காட்டுகிற பதிவேட்டைத் திறந்து வைப்பது, கைப்பற்றியவருக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு நற்சான்று கொடுப்பதாகிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து செட்டில்மெண்ட் பதிவேட்டில் என்ன இருந்தது, எந்த ஆண்டு யாருடைய உத்தரவில் பெயர் மாறியது என்கிற சங்கிலியைத் திறந்தால் அது வேறு விஷயம். அது இன்னும் பதிவறையில் கரையானோடு இருக்கிறது.

கர்நாடகத்தில் 'பூமி' என்று ஒரு திட்டம். 2001 வாக்கில் ஏறத்தாழ இரண்டு கோடி நிலப்பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். உலகமெங்கும் பாராட்டு. கிராமக் கணக்கரின் லஞ்சம் ஒழிந்தது, வெளிப்படைத்தன்மை வந்தது என்று பேசினார்கள். 2007இல் சாலமன் பெஞ்சமினும் அவரோடு சேர்ந்தவர்களும் பெங்களூரைச் சுற்றி ஆய்வு செய்து வேறொரு சித்திரத்தைக் கொடுத்தார்கள். கிராமத்தில் சிதறிக் கிடந்த கணக்கு மேலே போய் ஒரே இடத்தில் குவிந்ததில் பெரிய நிலக் கம்பெனிகளுக்குத்தான் வேலை சுலபமாயிற்று. எங்கே என்ன நிலம், யாரைப் பிடித்தால் கிடைக்கும் என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர்களுக்குத் தெரிந்தது. மைக்கேல் கர்ஸ்டைன் என்பவர் 2011இல் இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டுதான், திறந்த தரவு ஏற்கனவே பலம் உள்ளவர்களுக்கு மேலும் பலம் சேர்க்கிறதா என்று கேட்டார். நமக்கு இது புதிய ஞானமில்லை. தேரோடும் வீதி எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்தாலும் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்று நமக்குத் தெரியும்.

சென்னைக்கு வருவோம். 1971இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே 1,202 குடிசைப்பகுதிகளை அரசு பட்டியலில் ஏற்றியது. 1985இல் இன்னும் 17. பட்டியலில் ஏறிய இடத்தில் சட்டப்படி ஒரு பாதுகாப்பு உண்டு, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வாய் திறந்து கேட்க ஒரு பிடி உண்டு. அதற்குப் பிறகு நகரம் எவ்வளவு பெருத்தது! பிழைக்க வந்தவர்கள் கால்வாய்க்கரையிலும் தண்டவாளத்து ஓரத்திலும் எத்தனை இடங்களில் குடியேறினார்கள்! பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. 2010இல் தொடங்கிய 'டிரான்ஸ்பரண்ட் சென்னை' என்கிற குழுவினர் பொதுக் கழிப்பறைகளையும் அறிவிக்கப்படாத குடிசைப்பகுதிகளையும் தெருத்தெருவாகப் போய்க் குறித்து, இந்த உண்மையைப் புள்ளிவிவரமாக்கி வைத்தார்கள். அது நல்ல வேலை. கழிப்பறை இல்லை என்று வாயால் சொன்னால் மனு, வரைபடத்தில் காட்டினால் ஆதாரம். அதிகாரிக்கு இந்த வித்தியாசம் பெரிது. வரைபடத்தில் இல்லாத சேரி அரசாங்கத்தின் கண்ணில் இல்லாத சேரி என்பதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் என் அத்தையின் வீட்டுக் கதவில் ஏறிய எண்ணையும் நான் பார்த்தேன். ஆற்றங்கரைக் குடிசை. கணக்கெடுக்க வந்தவர்கள் பெயிண்டில் ஒரு எண் போட்டார்கள். குடும்ப அட்டை, மின்சார ரசீது, எல்லோரும் நின்று ஒரு போட்டோ, பிறகு கைரேகை. ஒரு கதவுக்கு ஒரு குடும்பம் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒரு கதவுக்குப் பின்னால் அத்தையும் இரண்டு மருமகள்களும் மூன்று அடுப்பு வைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பை எண்ணுகிற கட்டம் படிவத்தில் இல்லை. அத்தை அந்தப் பையனைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, என் கைரேகை வரைக்கும் எடுத்துக்கினு போற. எங்க வூட்ட எப்ப இடிப்பீங்கன்னு ஒரு தேதிய எழுதிக் குடுத்துட்டுப் போப்பா." அவன் பாவம், சம்பளத்துக்கு வந்தவன். தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த கதவுக்குப் போனான்.

அத்தை கேட்டதில்தான் இந்த விவகாரத்தின் முழு நியாயமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சேரியின் தரவு எந்தக் காலத்தில் மூடியிருந்தது? ஆங்கிலேயர் வரைந்த பழைய சென்னை வரைபடங்களிலேயே பறைச்சேரி என்று எழுதியிருக்கும். எங்கள் தெரு திறந்தது, எங்கள் கூரை திறந்தது, எங்கள் குளியல் திறந்தது, எத்தனை பேர் படுத்துறங்குகிறோம் என்பதும் திறந்தது. மூடியிருப்பது அந்தப் பக்கம். எந்தத் திட்டத்துக்காக இடிக்கிறீர்கள், அதற்கான விரிவான திட்ட அறிக்கை எங்கே, ஏன் தமிழில் இல்லை, எங்களை அனுப்புகிற இடத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பேருந்து, காலி செய்த நிலம் பிறகு யாருக்குப் போகும் என்கிற எந்தக் கேள்விக்கும் கதவில் எண் போடுவது போல யாரும் வந்து பதில் எழுதிவிட்டுப் போவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மேல்முறையீடு செய்து, துண்டு துண்டாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்கிற திறந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, முழுகிய தெருக்களை ஜனங்களே ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அரசாங்கத்தால் முடியாததை நாலு இளைஞர்களும் ஒரு கணினியும் செய்து காட்டினார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்துக்குக் காரணம் ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று முடிவு கட்டி, அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர்தான். அதே சதுப்புநிலத்துக்குள் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன, ரயில் நிலையம் இருக்கிறது, நகரத்தின் குப்பைமேடு இருக்கிறது, சுற்றிலும் மென்பொருள் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் இவையெல்லாம் 'பயன்பாடு' என்று குறிக்கப்பட்டிருக்கும், குடிசை 'ஆக்கிரமிப்பு' என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரே ஈர மண்ணுக்கு இரண்டு சொல். தரவு என்பது எண் என்று நினைக்கிறோம். எண்ணுக்கு முன்னால் சொல் வருகிறது. அந்தச் சொல்லை வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் நகரமும் இருக்கிறது.

பம்பாய் தாராவியிலும் இதுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன நம் ஜனங்கள் தலைமுறைகளாக இருக்கிற இடம் என்பதால் அதை நாம் தூரத்துச் செய்தியாக வைத்துக்கொள்ள முடியாது. 2024இல் அங்கே மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. டிரோன், லேசர் எல்லாம் வைத்து எடுக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவருக்கு வெளியே எங்கோ வாடகைக்கு. இரும்பு ஏணியில் ஏறி இருபது வருஷம் மேலே படுத்தவன் கீழே படுத்தவனைவிட எந்த விதத்தில் குறைந்த தாராவிக்காரன்? லேசர் அவன் கூரையின் உயரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும். உரிமையைத் தீர்மானிப்பது அந்தத் தேதியும் அந்தத் தரையும்தான். அதை எந்தக் கருவியும் அளக்கவில்லை, ஒரு ஆணை முடிவு செய்தது.

சொல் என்று சொன்னேன். இன்னொரு சொல்லைப் பாருங்கள். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அமைச்சர், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதில் சொன்னார். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் செத்தவர்களின் கணக்கு அதே அரசாங்கத்திடம் வேறொரு தலைப்பில் இருக்கிறது. 1993 முதலான அந்தக் கணக்கில் தமிழ்நாடுதான் முன்னணியில் நிற்கிறது என்பதை நாம் வெட்கத்தோடு சொல்லிக்கொள்ள வேண்டும். மலம் அள்ளுவது வேறு, சாக்கடையில் இறங்குவது வேறு என்று சட்டத்தின் வார்த்தையைப் பிரித்ததும் பிணங்கள் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போய்விட்டன. பொய் சொன்னதாகவும் ஆகாது.

என் தொழிலில் இதை நான் தினமும் தொடுகிறேன். வீட்டு வரைபடத்தின் ஒரு மூலையில் செப்டிக் டேங்க் என்று ஒரு செவ்வகம் போடுவேன். நீளம், அகலம், ஆழம், இரண்டு அறை, மேலே ஒரு மூடி. அதைச் சுத்தம் செய்ய லாரியின் குழாய் எட்டுமா, அது எட்டாத சந்தாக இருந்தால் யார் இறங்குவார் என்று இதுவரை எந்த முதலாளியும் கேட்டதில்லை, எந்த அனுமதிப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்து நான் பார்த்ததில்லை. பூசை அறைக்கு வாஸ்து கேட்பார்கள். அரை அடி தள்ளிப் போடச் சொல்லி மூன்று தடவை கோட்டை அழிக்க வைப்பார்கள். 2023 பட்ஜெட்டில் மனிதக் குழி இனி இயந்திரக் குழி ஆகும் என்று அறிவித்தார்கள். பெயர் நல்ல பெயர். நகரத்தின் எந்தெந்தக் குழிக்கு இயந்திரம் போகும், எதற்குப் போகாது என்று ஒரு வரைபடம் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்தால் கட்டடக்கலையே மாறும். எந்தத் தெருவை அகலப்படுத்துவது, எந்தத் தொட்டியை எங்கே நகர்த்துவது என்பதெல்லாம் அதிலிருந்து வரும். திறந்த தரவுக்காரர்கள் எதிர்கால நகரம் என்று பேசும்போது தானாக ஓடும் காரைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் இதைப் பற்றிப் பேசினால் ஓரமாகப் பார்க்கிறார்கள்.

வரைபடங்களில் இல்லாத இன்னொன்று சுவர். உத்தப்புரத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவில் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்படும் வரை எந்த அரசாங்க வரைபடம் அதைத் தீண்டாமைச் சுவர் என்று குறித்தது? மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வசதிக்காரர் வீட்டுச் சுற்றுச்சுவர், 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில், பக்கத்துத் தலித் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். சுவரின் உயரமும் அதற்கு அனுமதி உண்டா இல்லையா என்பதும் யாருடைய கோப்பில் இருந்தது? வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். குற்றத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். சேரிக்கென்று ஒரு தொட்டி தனியாக நிற்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. குடிநீர்த் திட்டத்தின் கணக்கில் இத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்பு என்று சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு என்று கேட்டால் அந்தக் கணக்கு பதில் சொல்லாது. சாதி என்பது தமிழ்நாட்டில் முதலில் ஒரு கட்டடக்கலை. தெருவின் வளைவு, தொட்டியின் எண்ணிக்கை, சுடுகாட்டுப் பாதை, திண்ணையின் உயரம் எல்லாம் அதன் அளவுகள். இதை அளக்காத நகரத் தரவு எவ்வளவு திறந்திருந்தாலும் பாதி ஊமைதான்.

அப்படியானால் சாதிவாரியாக நகரத்தை வரைந்து எல்லோர் முன்னாலும் வைத்துவிடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது. வார்டு அளவில் அட்டவணைச் சாதியினர் எண்ணிக்கை மக்கள்தொகைக் கணக்கில் வெளியாகிறது. அதை வைத்துத்தான் திரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2012இல் ஏழு பெருநகரங்களில் வர்க்கத்தைவிடச் சாதிதான் குடியிருப்பை அதிகமாகப் பிரிக்கிறது என்று காட்டினார்கள். 2018இல் நவீன் பாரதி முதலானவர்கள் இன்னும் கீழே, சுமார் நூற்றிருபத்தைந்து வீடுகள் கொண்ட கணக்கெடுப்புத் தொகுதி அளவில் பார்த்து, வார்டு என்கிற பெரிய கட்டம் உள்ளே இருக்கும் பிரிவினையை மூடி மறைத்துவிடுகிறது என்றார்கள். வார்டில் கலந்து வாழ்வது போலத் தெரியும், தெருவில் இறங்கினால் கலப்பே இல்லை. இதைச் சேரிக்காரனுக்கு ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீதிமன்றத்துக்கும் மாநகராட்சிக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் எடுத்த சாதி விவரத்தை அரசு வெளியிடவேயில்லை. பீகார் 2023இல் தன் கணக்கை வெளியிட்டது. 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் எண்ணப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எண்ணட்டும், வெளியிடட்டும் என்பதுதான் என் கட்சி.

ஆனால் அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்காக நகரங்களை வண்ணம் பிரித்து வரைந்ததை மறக்க முடியாது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்புப் பகுதி ஆபத்தான பகுதி என்றானது, அங்கே கடன் கிடைப்பது அருமையானது. அந்த வரைபடங்கள் அன்றைக்கு அதிகாரிகளின் மேசையில் இருந்தன. 2016இல் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தது. இப்போது அவை குற்றத்தின் சாட்சியம். அதே தாள்தான். முதலில் அது வாழ்ந்தவர்களைப் பற்றியது, ஆனால் அவர்கள் கைக்கு வராதது. இங்கே நாளைக்குத் தெருவாரியாகச் சாதி வரைபடம் வந்தால் நிலத்தரகரும் வீட்டுக்காரரும் அதை எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? 'சைவம் மட்டும்' என்று விளம்பரம் போட்டு வீடு விடுகிற நகரம் இது. ஆகவே தெருவுக்குக் கிடைத்த வசதி, கிடைக்காத வசதி, சுவர், தொட்டி, பாதை, பட்டா கைமாறிய வரலாறு இதெல்லாம் கடைசித் தெரு வரைக்கும் திறக்கப்பட வேண்டும். வீட்டுக்குள் இருப்பவரின் பெயர், கைரேகை, சாதிச் சான்று இதெல்லாம் அவர் கையை விட்டுப் போகக் கூடாது. இது முழுசாகத் தீர்ந்த பதிலில்லை. தெருவைக் காட்டினாலே ஆளைக் காட்டியதாகிவிடுகிற நாடு இது என்று ஒரு தோழர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏன் எப்போதும் சேரியையே வரைந்துகொண்டிருக்கிறோம் என்றும் கேட்க வேண்டும். ஆய்வாளர் வந்தால் சேரிக்கு வருகிறார், கேமராவோடு மாணவர் வந்தால் சேரிக்கு வருகிறார். அக்கிரகாரத்துக்கும் மேட்டுத்தெருவுக்கும் எந்த ஆண்டு சாலை வந்தது, யார் பணத்தில் வந்தது, கதவு போட்ட குடியிருப்புகளுக்குள் யார் வீடு வாங்கினார்கள், அதற்கு எந்த ஏரியின் வாய்க்கால் அடைபட்டது என்று அடுக்கி எழுதிய வரைபடம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்குக் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் பூச்சு 2021 ஆகஸ்டில் கைபட்டாலே உதிர்ந்தது. பிறகுதான் ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னார்கள். கட்டும்போதே மணல், சிமெண்டுச் சோதனை முடிவுகளை அந்த வாசலிலேயே ஒட்டி வைத்திருந்தால்? குடியேறப்போகிற ஜனங்களில் பாதிப் பேர் கொத்தனாரும் சித்தாளும். கலவையைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு. எனக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் 'எந்தக் காலனி?' என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார இடம் காட்டுவார்கள். இருந்தாலும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனின் புத்தியில் வேறொன்றும் ஓடுகிறது. பெயரை அழித்தபின் தெரு அங்கேயேதான் இருக்கும், தொட்டியும் அங்கேயேதான் இருக்கும். பழைய பெயரோடு இருந்த பதிவேட்டையும் சேர்த்து அழித்துவிட்டால், இந்தத் தெருவுக்கு ஏன் கடைசியில் குழாய் வந்தது என்று பின்னால் வருகிறவன் எதை வைத்து நிரூபிப்பான்? அழைக்கும் பெயர் போகட்டும். பதிவேடு இருக்கட்டும்.

எங்கள் பகுதியில் கல்லூரி போகும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். குழாய், தெருவிளக்கு, கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார்கள். நைரோபியில் கிபேரா குடிசைப்பகுதி இளைஞர்கள் 2009இல் தங்கள் இடத்தைத் தாங்களே வரைந்ததைப் படித்துவிட்டு ஆரம்பித்தது. எதை வெளியே போடுவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. வீட்டு எண் போடக்கூடாது என்று பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். கூரை எது, மாடி எது என்று போடுவதையும் நிறுத்திவிட்டோம். சுடுகாட்டுப் பாதையை மறித்து ஒரு மனைப்பிரிவுக்காரர் எழுப்பிய சுவரை மட்டும் நீளம், உயரத்தோடு போடச் சொன்னார்கள். "நம்ம வூட்ட ஏன்டா வரையிற, அவன் செவுத்த வரை" என்றது ஒரு கிழவி. போட்டாயிற்று. அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்த வரைபடத்தில் பாதை இருந்ததா என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நாற்பத்தோரு நாள் ஆகிறது. முதல் மேல்முறையீட்டை நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தோம்.